மூன்றில் ஒரு பங்கு விமானம்

ஜெனீவா, 4.2.2024

அன்புள்ள மருமகள் சிவதர்சினிக்கு,

இங்கே நானும் மாமாவும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் சுகமில்லை என்பதைத் தனியாக எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். துன் நகரில் நீங்கள் இருவரும் எப்படி என்பதை உம்முடைய கையெழுத்தில் அறிய விருப்பம்.

மாமிக்கு என்ன வந்தது, கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பீர். தொலைபேசியில் உம்மைக் கூப்பிட்டால் நிருசன் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். நான் கேட்கிற கேள்விக்கு நீர் வாய் திறக்க முதல் அவன் பதில் சொல்கிறான். பெற்றவள் நான்தான், ஆனாலும் எரிச்சல் வரும். நீர் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவர். ஆகவே தபாலே நல்லது. அதற்குள் அவன் மூக்கை நுழைக்க மாட்டான்.

போன புதன்கிழமை அவன் எடுத்தான். "அம்மா, இவள் பிளேன் வாங்கப் போறாளாம்" என்றான். "பிளேன் ரிக்கற்றோ?" என்று கேட்டேன். "இல்லையம்மா, பிளேன்! நீங்கள் சொன்னாத்தான் கேப்பாள். வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றான். சரி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நீர் பறக்கும் அனுமதி எடுத்த நாளிலிருந்து "என்ர மருமகள் பைலற்" என்று ட்ராமில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். ஆனால் இது எனக்கு விளங்கவில்லை. இதுவரை வாடகைக்கு எடுத்துத்தானே பறந்தீர்? அதில் என்ன குறை? ஒளிக்காமல் எழுதும்.

உம்முடைய பதிலுக்குத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கும்,
மாமி யோகாம்பாள்


துன், 12.2.2024

அன்புள்ள மாமிக்கு,

நாங்கள் சுகம். எனக்குத் தும்மலோடு கொஞ்சம் தடிமன், நிருசனுக்குக் கொஞ்சம் கோபம், இரண்டும் மாறிவிடும். மாமாவின் முழங்காலுக்கு இந்த ஊர் மருந்தெண்ணெய் ஒரு போத்தல் அனுப்புகிறேன்.

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். வாடகை விமானம் கிளப்புக்குச் சொந்தம். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும், பழுது பார்ப்பதும் நிறுத்திவைப்பதும் அவர்கள் பாடு. ஆனால் வெயில் எறிக்கிற சனிக்கிழமை எல்லோருக்கும் அது வேண்டும். எனக்குக் கிடைப்பது மழை பெய்கிற செவ்வாய்க்கிழமை. ஒரு இரவு வேறு ஊரில் நிறுத்தினால், பறக்காத நேரத்துக்கும் காசு.

இப்போது பழைய நான்கு இருக்கை விமானம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. என்னை விட வயது கூடியது. மூன்று பேர் சேர்ந்து வாங்கலாம் என்றிருக்கிறோம்: தபால் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஹெர் லூத்தி, மருத்துவிச்சி ஃபிராவ் கெர்பர், நான். பங்கு ஒன்று பதினெட்டாயிரம் பிராங். அதற்கு மேல் கொட்டகை வாடகை, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை என்று ஒரு அடி பறக்காவிட்டாலும் கட்டவேண்டிய செலவுகள் இருக்கின்றன.

உங்கள் மகன் காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறவர் அல்லவா, எல்லாவற்றையும் அட்டவணை போட்டுவிட்டார். வருடம் நாற்பது மணித்தியாலத்துக்குக் குறையப் பறந்தால் வாடகைதான் மலிவு. போன வருடம் நான் பறந்தது இருபத்தாறு. நானும் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன் மாமி. அவர் கணக்கில் பிழை இல்லை.

ஆனால் அட்டவணையில் ஒரு வரி இல்லை. வாடகை என்றால் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம். அவருக்குப் பிடித்திருப்பது மலிவு இல்லை, அதுதான். நான் பறக்கத் தொடங்கி நான்கு வருடம், அவர் ஒரு நாளும் என்னோடு ஏறவில்லை. இது சலித்துப்போகும், ஒரு நாள் நானே விட்டுவிடுவேன் என்று பொறுமையாகக் காத்திருக்கிறார். எனக்கு விட மனமில்லை. நான் சொந்தமாய் வைத்திருக்க விரும்புவது அதனால்தான். நீங்களும் வேண்டாம் என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

உங்கள் இருவருக்கும் என் அன்பு,
சிவதர்சினி


ஜெனீவா, 18.2.2024

அன்புள்ள மருமகளுக்கு,

எண்ணெய் வந்தது. மாமா பூசிக்கொண்டு வீடு முழுக்க மணக்க நடக்கிறார். உம்முடைய தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியும். அவனுடைய கோபத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கணக்கில் தோற்றதை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்கிற ஆளை நான் எங்கள் குடும்பத்தில் இதற்கு முதல் கண்டதில்லை.

பிள்ளை, ஒன்று சொல்கிறேன். ஊரில் நான் நிருசனை இடுப்பில் வைத்திருந்த காலத்தில், மேலே குண்டு விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்க மாட்டோம். எந்தப் பக்கம் பங்கர் என்றுதான் பார்ப்போம். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகும், விமான நிலையப் பக்கம் பஸ்ஸில் போகும்போது என் கழுத்து தானாகக் குனியும். நீர் முதல் முதல் தனியாகப் பறந்து படம் அனுப்பின அன்றைக்குத்தான் நான் பல்கனிக்குப் போய் மேலே பார்த்தேன். நீர் அதில் இல்லை என்று தெரியும், ஆனாலும் கை காட்டினேன். மாமா எனக்கு மூளை பிசகிவிட்டது என்றார்.

வாங்கும். உமக்கு எழுதுகிறேன் என்று மட்டும் அவனுக்குச் சொன்னேன், என்ன எழுதுகிறேன் என்று அவன் கேட்கவில்லை.

பெருமையோடு,
மாமி


துன், 24.3.2024

அன்புள்ள மாமிக்கு,

தடிமன் போய்விட்டது. கொத்தமல்லிக்கா விமானத்துக்கா நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டோம். வெள்ளை உடம்பு, நீலக்கோடு. உள்ளே பழைய தோல் மணம். கொட்டகையில் அதன் இறக்கையின் கீழே நின்றபோது எனக்கு அழுகை வந்தது. ஃபிராவ் கெர்பர் முதுகில் தட்டினா. அவவுக்கு அழுகிற பெண்களைப் பார்த்துப் பழக்கம்.

நிருசன் இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கொட்டகைக்கு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு சக்கரத்தைக் காலால் மெல்ல உதைத்தார். பிறகு "அம்மா வந்து பூசை செய்தால் நான் ஒருக்கா ஏறுறன். ஒரு தரம்தான்" என்றார். மாமி, நான் நான்கு வருடமாய்க் கேட்டுக் கிடைக்காத வார்த்தை இது. ஏப்ரல் இருபதாம் திகதி சனிக்கிழமை வர முடியுமா? கார் வாங்கினால் செய்கிற பூசைதானே, அதையே செய்யலாம்.

ஒன்று மட்டும். கொட்டகைக்குள் கற்பூரம் கொளுத்த முடியாது. எரிபொருள் இருக்கிறது.

ஆவலோடு,
சிவதர்சினி


ஜெனீவா, 30.3.2024

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை, சுகமாக இரும்.

வருகிறேன். தேங்காய் மூன்று, தேசிக்காய் ஆறு (மூன்று சக்கரத்துக்கும் கீழே வைக்க மூன்று போதும், உருண்டு போனால் மாற்றுக்கு மூன்று), சந்தனம், குங்குமம், மாலை ஒன்று. மாலையை எங்கே போடுவது என்று கேட்டுச் சொல்லும். முன்னுக்குச் சுழலுகிற காற்றாடியில் போடக்கூடாது என்று மாமா சொல்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும்.

கற்பூரத்தை வேலிக்கு வெளியே கொளுத்துவேன். கடவுளுக்கு அங்கேயிருந்தும் தெரியும்.

அவசரத்தில்,
மாமி


ஜெனீவா, 28.4.2024

அன்புள்ள மருமகளுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பேர்ணில் ரயில் மாறும்போது மாமா மிச்சத் தேங்காயை விட்டுவிட்டார். உங்கள் இருவரின் சுகத்தையும் இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

அன்றைய நாள் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. விமானத்தைத் தேசிக்காய்க்கு மேலே ஏற்ற எல்லோரும் சேர்ந்து தள்ளினோமே! ஹெர் லூத்தி தன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளினார், பாவம், பக்தியோடு. தேங்காய்ச் சிதறலை விமானத் திடல் பொறுப்பாளர் தானே தும்புத்தடியோடு வந்து கூட்டினார். ஃபிராவ் கெர்பர் நெற்றியைக் காட்டிப் பொட்டு வைக்கச் சொன்னா. நான் மூக்குக்கும் கதவுக்கும் வாலுக்கும் சந்தனம் வைத்தேன். இடது இறக்கையின் கீழே ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டு நின்றது, பாவம் அதை மட்டும் விடுவானேன் என்று அதன் வாயிலும் பெருவிரலால் நல்லாக அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன்.

நிருசன் உமக்குப் பக்கத்தில் ஏறியபோது அவன் முகம் வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தது. விமானம் ஓடத் தொடங்கியது. நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். பிறகு சத்தம் குறைந்து, ஓடுபாதையின் நடுவிலேயே நின்றுவிட்டது. பதற்றமில்லை, கிறீச்சிடவில்லை, பஸ் தரிப்பிடத்தில் பஸ் நிற்கிற மாதிரி நின்றது. இறங்கி வந்து "சின்னப் பழுது மாமி, இண்டைக்கு வேண்டாம்" என்று சிரித்தீர். அவ்வளவு பேருக்கு முன்னால், புருசன் முதல் தரம் ஏறின நாளில், அந்தச் சிரிப்போடு நிறுத்திவிட்டு வர எத்தனை பேரால் முடியும்? எனக்கு நீர் பறந்து காட்டியிருந்தால்கூட இவ்வளவு பெருமை வந்திராது.

என்ன பழுது? சரி செய்தாயிற்றா? நிருசன் திரும்ப ஏறுவானா?

அன்போடு,
மாமி


துன், 6.5.2024

அன்புள்ள மாமிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

வேகம் காட்டுகிற முள் அசையவில்லை. காற்றை உள்ளே எடுக்கிற குழாயில் தூசி அடைத்திருந்தது. சுத்தம் செய்துவிட்டார்கள். பெரிய விடயம் இல்லை. இப்போது வேலையும் கூட, வானிலையும் சரியில்லை.

பூசை மிகவும் அழகாக இருந்தது.

சிவதர்சினி


ஜெனீவா, 16.6.2024

அன்புள்ள மருமகளுக்கு,

ஆறு கிழமையாகத் தபால்பெட்டியில் கடைகளின் விளம்பரம்தான். சுகமாக இருக்கிறீரா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

இங்கே இரண்டு கிழமையாக நல்ல வெயில். துன்னிலும் அப்படித்தான் என்று செய்தியில் சொன்னார்கள். போன திங்கட்கிழமை ஐ.நா. முன்றலில் கவனயீர்ப்புப் போராட்டத்துக்குப் போய் வெயிலில் நின்று களைத்துவிட்டேன். அங்கே துன்னிலிருந்து வந்த ஒரு பிள்ளை "ரீச்சர் இப்ப பறக்கிறேல்லையாம்" என்றது. வானிலை சரியில்லை என்றீரே? நிருசனைக் கேட்டால் மாமாவின் முழங்காலைப் பற்றிக் கேட்கிறான். அந்த முழங்காலில் அவனுக்கு இதுநாள்வரை இல்லாத அக்கறை.

அவன்தான் விடச் சொன்னானா? அப்படியென்றால் எனக்குச் சொல்லும். வந்து நாலு வார்த்தை கேட்கிறேன்.

மாமி


துன், 7.7.2024

அன்புள்ள மாமிக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நிருசன் ஒன்றும் சொல்லவில்லை. அவரை ஏச வேண்டாம். ஹெர் லூத்தி மகளோடு இருக்கப் போகிறார், தெற்கே, தெசின் பக்கம். தன் பங்கை விற்கிறார். நானும் கெர்பரும் இரண்டு பேராகச் செலவைத் தாங்க முடியாது. மூன்றாவது ஆள் கிடைக்காவிட்டால் விமானத்தையே விற்க வேண்டியதுதான். நான் ஆள் தேடவில்லை. கெர்பருக்கும் சொல்லிவிட்டேன், விற்போம் என்று.

கணக்கு முதலிலேயே சொன்னது. சொந்தம் என்பது எனக்கு மிஞ்சின ஆசை. எப்போதாவது மனம் வந்தால் வாடகைக்கு எடுக்கலாம். இப்போதைக்கு மனமில்லை.

நீங்கள் அன்று அவ்வளவு தூரம் வந்து பூசை செய்தீர்கள். அதற்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

சிவதர்சினி


ஜெனீவா, 25.8.2024

சிவதர்சினி,

சுகம் எல்லாம் பிறகு. இனி "நீர்" என்று எழுதவும் எனக்குப் பொறுமை இல்லை.

நேற்று உன் புருசன் வந்தான். தனியாக. ட்ராம் தரிப்பிடம் வரைக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது உன் கடிதத்தைக் காட்டி "தூசியோ?" என்று கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்தான். தூசி இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

"சந்தனமம்மா" என்றான். "அந்தக் குழாய்க்குள்ளால காத்துப் போனாத்தான் வேகம் தெரியும். இவள் பூசைக்கு முன்னமே விமானத்தைச் சுத்திப் பாத்து முடிச்சிட்டாள். பூசைக்குப் பிறகு திரும்பப் பாக்கேல்லை. 'சந்தோசத்தில ஏறிட்டன், அது என்ர பிழை, நான் விமானி எண்டு சொல்லத் தகுதியில்லை' எண்டு நிக்கிறாள். அம்மாக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது எண்டு எங்கள் எல்லாரிட்டையும் சத்தியம் வாங்கினவள்."

ட்ராம் வந்தது. அவன் ஏறவில்லை. போனது.

என் பெருவிரலை உடுப்பில் திரும்பத் திரும்பத் துடைத்தேன். வேகம் தெரியாமல் எழும்பியிருந்தால் என் பிள்ளைகள் இரண்டும்... எழுதமாட்டேன். நீ அதை உன் தலையில் போட்டுக்கொண்டு, எனக்குத் தூசி என்று எழுதினாய். பூசை அழகாக இருந்தது என்று வேறு எழுதினாய். உன்னை என்ன செய்ய?

பிறகு நிருசன் சொன்னதைக் கேள். அவன் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். அவன் தகப்பனும் இப்படித்தான், நல்லதை மூன்றாம் ஆளுக்குத்தான் சொல்லுவார்.

"அம்மா, எனக்குப் பயத்தில ஒண்டும் தெரியேல்லை. இவளைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். வேகம் கூடுது, இவள் ஒரு முள்ளைப் பாத்தாள். அது அசையேல்லை. உடன வேகப்பிடியைப் பின்னுக்கு இழுத்திட்டாள். நான் பக்கத்தில இருக்கிறன், நீங்கள் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறியள், நாலு வருசமாக் கேட்ட நாள். ஒண்டையும் அவள் யோசிக்கேல்லை. நிப்பாட்டினாள். நான் அலுவலகத்தில ஆபத்தைக் கணக்குப் பாக்கிறவன் அம்மா. அப்பிடி ஒரு ஆளை நான் இன்னும் காணேல்லை. இவளோட நான் எங்கையும் ஏறுவன்."

"அப்ப ஏன்ரா அவளிட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "விக்கப் போறன் எண்டு நிக்கிறாள். நான் இவ்வளவு நாளும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு இப்ப எந்த முகத்தோட வை எண்டு சொல்ல?" என்றான். முட்டாள். எனக்குத்தான் பிறந்தவன்.

இனி என் கதை. நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்துநாலு வருடம். முதலில் முகாமில் கட்டில், பிறகு ஒரு அறை, பிறகு இந்த வீடு, எல்லாம் வாடகை. நாட்டில் இருப்பதற்கே வருடா வருடம் கடதாசி புதுப்பித்தோம், அதுவும் ஒரு வாடகைதான். எந்த நேரமும் எழும்பு என்று சொல்லலாம். வீட்டில் ஒரு ஆணி அடிக்கவும் கடிதம் எழுதிக் கேட்டோம். ஹோட்டல் சலவை அறையில் நான் மடித்த வெள்ளைத் துணியை விரித்தால் ஏரியை மூடலாம், அதில் ஒரு தலையணை உறைகூட என்னுடையது இல்லை. ஓய்வூதியத்தோடு வந்த காசைச் சின்னதாக ஒரு வீடு வாங்க என்று போட்டுவைத்தேன். ஜெனீவாவில் அது வாசற்கதவுக்கும் காணாது.

ஆகவே இன்று காலை ஃபிராவ் கெர்பரோடு கதைத்தேன். என் பிரெஞ்சும் அவவின் பிரெஞ்சும் சேர்ந்து ஒப்பேற்றிவிட்டன. ஹெர் லூத்தியின் பங்கை நான் வாங்குகிறேன். சொந்தக்காரிக்குப் பறக்கத் தெரிய வேண்டும் என்று சட்டம் இல்லையாம். மாமா "உனக்கென்ன விசரோ" என்று கேட்டார். "ஓம்" என்றேன். வாடகைதான் மலிவு என்று எனக்கும் தெரியும். மலிவாக இருந்தது போதும் பிள்ளை.

விற்கிறதென்றால் இனி என்னைக் கேட்டுத்தான் விற்க வேண்டும். நான் விற்க மாட்டேன். என் விமானத்துக்கு ஒரு விமானி வேண்டும். முள் அசையாவிட்டால் யார் பார்த்துக்கொண்டு நின்றாலும் நிறுத்துகிற விமானி. எனக்குத் தெரிந்து ஒருத்திதான் இருக்கிறாள்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். வெறுங்கையோடு வருகிறேன். நான் ஏற வேண்டும்.

உன் மாமி


துன், 29.8.2024

அன்புள்ள மாமி,

கடிதத்தைச் சமையலறையில் நின்று வாசித்தேன். பிறகு நிருசனிடம் கொடுத்தேன். அவர் வாசித்து முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. இரண்டு பேரும் அழுதோம், பிறகு சாப்பிட்டோம்.

சனிக்கிழமை மலைப்பக்கம் முகில் தாழ இறங்குமாம், பின்னேரம் இடியும் இருக்கிறது. ஞாயிறு காலை தெளிவு, காற்றும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

சிவதர்சினி